கமக்காரருக்குப் பயன்படும் கணக்கு

எவ்வளவு அரிசி இறக்குமதி செய்வது, எவ்வளவு பசளை தருவிப்பது என்பவற்றைத் தீர்மானிப்பதற்கு நெல்விளைச்சற் கணக்கு இன்றியமையாதது. அதற்கு விபரம் கொடுப்பவர் கமக்காரர். அதனாற் பயனடைய வேண்டியவரும் அவரே. விளைவைக் குறைத்துச் சொன்னால், தேவைக்கு மேற்பட்ட அரிசி அறுவடைக் காலத்தில் வந்திறங்கி நெல் விலை வீழும். மானியத்தின் பொருட்டு நிலத்தைக் கூட்டிச் சொன்னாலோ, இல்லாத நெல் இருப்பதாகக் கணக்கு ஏறும்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தனித்தனியே கணக்கு வெளியிடுகின்றது. விளைச்சலை மதிப்பிடுதற்குச் சில வயல்கள் எழுமாறாகத் தெரிவுசெய்யப்படும். அவற்றில் அளந்தெடுத்த சிறு துண்டை அறுத்து, அதன் நெல்லை நிறுத்துப் பார்ப்பர். 1950களிலிருந்து இம்முறை கையாளப்பட்டு வருகின்றது. தெரிவான வயலுக்குப் பதிலாக நல்ல வயலைக் காட்டுதல் தவறாகும். இயந்திரம் ஒரே நாளில் அறுத்து முடிப்பதால், அறுவடை நாளை அலுவலருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

வெளிவரும் கணக்கைத் தம் வயலோடு ஒப்பிட விரும்புவோர் அளவைகளை அறிந்திருத்தல் நன்று. ஒரு புசல் நெல் 20.86 கிலோகிராம், ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர். எனவே ஹெக்டேயருக்கு 5,000 கிலோகிராம் என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 97 புசலாகும். இது வரம்பு கழித்த நிலத்துக்குரிய சராசரியாதலால், வரம்பையும் சேர்த்துக் கணக்கிடுவோருக்குத் தம் விளைச்சல் குறைவாகத் தோன்றும்.

யாழ்ப்பாணத்தில் நெற்பரப்பு 24 கொண்டது ஓர் ஏக்கர், வரகுப்பரப்பாயின் 16. ஆகவே 48 பரப்பு என்று மட்டும் பதிந்தால், அது இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ என்பது விளங்காது. எப்பரப்பு என்பதையும் கூறுதல் அவசியம்.

மரக்கறிச் செய்கையாளருக்கு அறுவடையின் பின் வரும் கணக்காற் பயன் குறைவு. ஊரெல்லாம் ஒரே மாதத்திற் கத்தரியையோ கரட்டையோ நட்டால், விளைந்தபின் அதனை அறிந்து ஆவதென்ன? நட்ட பயிர், நிலத்தின் அளவு, நட்ட மாதம் ஆகியவற்றை உடனே அறிவித்தால், பின்னர் நடுவோர் பயிரை மாற்றவோ காலத்தைத் தள்ளவோ இயலும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. விதைத்த நிலத்தின் அளவையும் கிடைத்த விளைவையும் போகந்தோறும் கொப்பியிற் குறித்து வைத்தல்.

2. கேட்கும் அலுவலருக்கு உள்ளதை உள்ளவாறே கூறுதல். கணக்கெடுப்பில் ஒருவர் கொடுக்கும் தனிப்பட்ட விபரத்தை வெளியிடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

3. அடுத்த போகத்துக்கு முன் தம் பிரிவின் கணக்கைக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டறிதல்.

கொடுத்த கணக்கைத் திரும்பக் கேட்பது கமக்காரரின் உரிமை. கேட்போர் பெருகினாலன்றிக் கணக்கு வயலுக்குத் திரும்பி வாராது.