வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளைகள்



விஷம் குடித்த நிலையில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வரும் இளம் பெண்பிள்ளைகளைக் குறித்து விசாரித்தால், "வயிற்றுவலி தாங்காமல் செய்துவிட்டாள்" என்றே பெற்றோர் சொல்வார்கள். பிள்ளையும் தலையசைக்கும். நாங்களும் வெகுகாலம் அதையே எழுதிக்கொண்டு, ஜெபம்பண்ணி வீட்டுக்கு அனுப்பினோம்.

பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி இரண்டாம் முறை வந்தபோதுதான் எங்கள் தவறு விளங்கிற்று. தகப்பனாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, எங்கள் ஆலோசகர் சகோதரி அவளோடு தனியாகப் பேசினார்கள். அவள் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். நேசிப்பதாகச் சொன்ன வாலிபன் அடித்த தழும்புகள்! "வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிடுவார்கள். அவனை விட்டு விலகினால் போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிவிடுவான்" என்றாள். இரு பக்கமும் வழி அடைபட்டதாக நினைக்கும் அந்த நேரமே ஆபத்தான நேரம்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள காரியமல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1997, 1999ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில், உயர்நிலைப் பள்ளி மாணவியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், பழகிய துணையால் அடியோ பாலியல் வன்முறையோ பட்டதாகச் சொன்னார்கள். அவர்களிடையே தற்கொலை எண்ணமும் முயற்சியும் மிக அதிகம் என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது.

இப்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் தனிமையில் பேசுகிறோம். "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கிறோம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது, சுமை இறங்கும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவளுக்குப் பாலியல் கொடுமை நேர்ந்திருந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும்; அதை அவளுக்கு முன்னதாகவே விளக்குகிறோம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ஆகவே பயந்து மறைக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு நாங்கள் சொல்வது: பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதிருங்கள், வைத்தே ஆகவேண்டுமானால் பூட்டிவையுங்கள். சாக நினைக்கும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்கும். அந்த நேரத்தில் விஷம் கைக்கெட்டாவிட்டால் உயிர் தப்பும். பிள்ளை வாய் திறந்தால் முதலில் கேளுங்கள். புத்திமதி பிறகு ஆகட்டும்.

எலியா சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பினபோது தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் வந்தான். அந்த இரண்டாம் வருகையே எங்கள் ஆலோசகர் சகோதரியின் வீட்டுச் சந்திப்பு. அவர்களுடைய சம்பளமும் பஸ் செலவும் உங்கள் காணிக்கையால் நடக்கிறது.

அந்தப் பிள்ளை மறுபடியும் பள்ளிக்குப் போகிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் இரவில் இன்னும் பயப்படுகிறாள், அவளுக்காக ஜெபியுங்கள். உங்கள் சபையிலும் இப்படி ஒரு பிள்ளை மௌனமாய் உட்கார்ந்திருக்கக்கூடும். உதவிக்கு 14416 (டெலி மானஸ்), 1098 (குழந்தைகள் உதவி) ஆகிய எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.