காலங்கடந்த சீட்டும் வாயிற்காவலனும்

ஒரு கணினி நிரல் பிறிதொரு நிறுவனத்தின் சேவையிடம் தரவு கேட்கும்போது, தான் எவர் சார்பில் வந்தது என்பதைக் காட்ட டோக்கன் என்னும் அநுமதிச் சீட்டைக் கொண்டு செல்கிறது. கூகிள் நிறுவனத்தார் வழங்கும் சீட்டு பொதுவாக 3600 விநாடிகளே செல்லும். இது கஞ்சத்தனமன்று. சீட்டைக் கையில் வைத்திருப்பவர் எவராயினும் உரியவராகவே கொள்ளப்படுவராதலின், அது களவு போயினும் கேடு நெடுநேரம் நீளாதிருத்தற்கே இவ்வேற்பாடு. 2012ஆம் ஆண்டில் வெளியான ஓஆத் 2.0 விதிமுறையில் ரிஃப்ரெஷ் டோக்கன் என்னும் இரண்டாவது சீட்டும் உண்டு. அதனைச் சீட்டு வழங்கும் இடத்தில் மட்டுமே காட்டிப் புதியதைப் பெறலாம்; பயனர் மீண்டும் கடவுச்சொல் இட வேண்டுவதில்லை.

சேவையை நாடும் செயற்கூறுகள் ஒரு நிரலில் இருபது இருக்குமாயின், இருபதிலும் காலாவதியைச் சோதிக்கும் வரிகளை எழுதுவதா? ஒன்றில் மறந்தாலும், இரவு முழுதும் ஓட வேண்டிய நிரல் நடுவழியில் நின்றுவிடும். இங்கேதான் பைதன் மொழியின் டெக்கரேட்டர் உதவுகிறது. 2004இல் வந்த 2.4ஆம் பதிப்பு முதல், செயற்கூறின் தலைமேல் @ குறியிட்டு இதனை எழுதலாம். 'அலங்காரி' என மொழிபெயர்ப்பாரும் உளர்; எனக்கோ அது வாயிற்காவலனாகவே தோன்றுகிறது. அது ஒரு செயற்கூறை வாங்கி, அதனைத் தன்னுள் பொதிந்த வேறொரு செயற்கூறைத் திருப்பித் தருகிறது.

அப்பொதியுறை முதலில் உள்ளிருக்கும் செயற்கூறை அழைக்கும். விடை 401 என்னும் எண்ணோடு வந்தால், சீட்டைப் புதுப்பித்து மறுபடியும் ஒரே ஒரு முறை அழைக்கும். அந்த ஒரே ஒரு முறை என்பதே உயிர்நிலை. பயனர் தாம் தந்த அநுமதியையே மீளப் பெற்றிருப்பாராயின் புதுப்பித்தல் பலிக்காது. எல்லையிடாத நிரலோ கதவைத் தட்டிக்கொண்டேயிருக்கும். 403 வந்தால் புதுப்பித்தும் பயனில்லை. சீட்டு மெய்யே, அச்செயலுக்கு உரிமைதான் இல்லை என்பதே அதன் பொருள்.

இன்னும் ஒன்று. செயற்கூறு சீட்டைத் தன் உள்ளே, ஒவ்வோர் அழைப்பின்போதும், வைப்பிடத்திலிருந்து எடுத்தல் வேண்டும். வெளியிலிருந்து உள்ளீடாகக் கொடுத்தால், இரண்டாம் முறையும் பழைய சீட்டே செல்லும். 401 மீண்டும் வரும். ஒரே வேளையில் பல இழைகள் ஓடும் நிரலில் புதுப்பிக்கும் இடத்திற்குப் பூட்டும் இடல் வேண்டும். ஏனெனில் சில சேவைகளில் ரிஃப்ரெஷ் டோக்கன் ஒருமுறை பயன்பட்டதும் செல்லாதாகிவிடும். பின்னால் வரும் இழை அதனையே நீட்டி வெறுங்கையோடு திரும்பும். பூட்டைத் திறந்து உட்புகும் இழை, வேறோர் இழை ஏற்கெனவே புதுப்பித்துவிட்டதா என முதலில் நோக்கிய பின்னரே புதிய சீட்டைக் கோருதல் வேண்டும்.