உமணர் வண்டி

பாலை என்றவுடன் அரபு நாட்டு மணற்பரப்பே பலர் நினைவிற்கு வரும். பண்டைத் தமிழர் கருதிய பாலை அதுவன்று. மழை வறண்டு, வெயில் முதிர்ந்து, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலத்தையே அவர்கள் பாலை என்றனர். கொங்குநாட்டில் இந்நிலை எளிதில் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை மேற்குமலைத்தொடர் தன் மறுபுறச் சரிவிலேயே பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றது. ஆதலின் கோவை, பல்லடம், காங்கயம் முதலிய பகுதிகள் மழைமறைவில் உள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று நிரம்ப வரும். மழையோ சிறிதே வரும்.

எனினும் அக்கணவாய் வழியே வணிகம் தழைத்தது. மேலைக் கடற்கரையிலிருந்து கரூர் நோக்கிச் சென்ற பெருவழியில், நொய்யலாற்றங்கரையில் அமைந்திருந்தது கொடுமணல். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் மணிக்கற்களை அறுத்து மெருகிட்ட தொழிற்கூடங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. பெருவழியை விட்டு விலகினால் கல்லும் முள்ளும் பள்ளமுமே வழி. அத்தகைய நிலங்களை வண்டியிலேயே கடந்தவர் உமணர் என்னும் உப்பு வணிகர்.

கடற்கரையில் விளைந்த உப்பை ஏற்றிச் சென்று, உள்நாட்டு ஊர்களில் அதனை நெல்லுக்கு மாற்றுவது அவர் தொழில். ஆறலைகள்வருக்கு அஞ்சிக் கூட்டமாகவே செல்வர். அக்கூட்டத்திற்குச் சாத்து என்று பெயர். மனைவி மக்களும் உடன் செல்வர். குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுவதையும், வண்டியில் கோழிக்கூடும் சிறிய உரலும் இருப்பதையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. இல்லமே உருளைகளின்மேல் ஏறிக்கொண்டது எனலாம்!

உப்பு மிகுந்த பாரமுடையது. வண்டி பள்ளத்தில் இறங்கும்பொழுது பாரம் ஒருபுறம் சாய்ந்து, அச்சின் ஒரு முனையை அழுத்தும். மர அச்சு முறிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆளில்லாக் காட்டில் தச்சனை எங்கே தேடுவது? இதனை முன்னரே எண்ணிய உமணர், வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சைக் கட்டிவைத்தனர். அதுவே சேம அச்சு. தகடூர் மன்னன் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவனை இச்சேம அச்சுக்கு ஒப்பிட்டார். அரசிளங்குமரனுக்கு முடியையோ மணியையோ உவமை கூறாது, வண்டியின் அடியில் கிடக்கும் மரத்தைக் கூறிய புலமையே புலமை! இன்று பாலைநிலங்களில் ஜீப் வண்டி செலுத்துவோரும் மிகைச் சக்கரமும் நீரும் இன்றிப் புறப்படுவதில்லை.

மாலையில் உமணர் வண்டிகளை நிறுத்தி, எருதுகளை அவிழ்த்து, கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டுவர். உண்டு, இளைப்பாறி, மீண்டும் வழிக்கொள்வர். அவர்கள் விட்டுச் சென்ற கல்லடுப்பில், பின்னர் அவ்வழி வந்த மழவர் ஊன் சமைத்து உண்டனர் என்று அகநானூற்றுப் புலவர் ஒருவர் குறிக்கின்றார்.