உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி ஓட்டுக்குள் ஒரு பாசி

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி டயாட்டம். நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து, தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்கிறது. அந்த ஓடு இரண்டு பாதி. டப்பாவும் மூடியும் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கொரு பாதி. கிடைத்த பாதியை மூடியாக்கி, அதற்குள் பொருந்தும்படி புதுப் பாதியை ஒவ்வொன்றும் செய்துகொள்ளும். ஆகவே கீழ்ப்பாதியைப் பெற்ற செல் தாயைவிடச் சற்றுச் சிறியது. பல டயாட்டம்கள் இப்படித் தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்த ஓடுகளையே உதறிவிட்டு, பாலினப் பெருக்கத்தின் வழியே மீண்டும் முழு அளவுக்கு வளர்கின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இறந்த டயாட்டம்களின் ஓடுகள் கடலடியிலும் ஏரியடியிலும் படிந்து மண்ணாகின்றன. 1867இல் ஆல்ஃபிரட் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சிக் கையாளத்தக்கதாக மாற்றியது இந்த மண்தான். ஆனால் டயாட்டம்களின் பெரும்பணி வேறு. பூமியில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவை தருவது.