மருந்துக்குக் கேட்காத கிருமி: பச்சிளம் குழந்தைகளைக் காப்போம்



சளி, காய்ச்சல் என்றால் நம்மில் பலர் நேராக மெடிக்கலுக்குப் போய், "அண்ணா, போன தடவை குடுத்த அதே மாத்திரையில ரெண்டு குடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறோம். கொஞ்சம் தேறியதும் மீதி மாத்திரையை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கிறோம். இந்தப் பழக்கத்துக்கும், பிறந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு குழந்தையின் உயிருக்கும் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

இரத்தத்தில் கிருமி கலந்தால்...

பிறந்து 28 நாள் வரை குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி மிகவும் குறைவு. குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் இன்னும் குறைவு. பாக்டீரியா என்ற கிருமி இந்தச் சின்ன உடம்பின் இரத்தத்தில் கலந்துவிட்டால், சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். டாக்டர்கள் இதை 'செப்சிஸ்' என்கிறார்கள். இதற்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார்கள். பல காலமாகக் குழந்தைகளைக் காப்பாற்றி வந்த அந்த ஊசிகள் இப்போது பல குழந்தைகளுக்குக் கேட்பதில்லை.

டெல்லியில் 3 பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 பச்சிளம் குழந்தைகளைக் கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. 2016-ல் அது வெளியானது. 100 குழந்தைகளில் 14 பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. இறந்த குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கு இதுதான் காரணம். அங்கே அதிகமாகக் காணப்பட்ட 'அசினெட்டோபேக்டர்' என்ற கிருமியில் 100-க்கு 82, பல வகை மருந்துக்கும் கட்டுப்படவில்லை. இது டெல்லிக் கணக்குதான். ஆனால் இப்படிப்பட்ட கிருமிகள் ஒரே ஊரில் நின்றுவிடுவதில்லை.

கிருமி எப்படிப் பழகுகிறது?

பருத்திக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகிறது? முதல் வருஷம் புழு சாகும். தப்பித்த ஒன்றிரண்டு பெருகும். கொஞ்ச வருஷத்தில் அந்த மருந்துக்குப் புழு அசையாது. கிருமியும் இப்படித்தான். தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது சாதாரணக் கிருமி செத்து, மருந்தைத் தாங்கும் கிருமி தங்கிப் பெருகுகிறது. அது தன் தாங்கும் சக்தியை வேறு கிருமிக்கும் கொடுக்கும். "எனக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையில் பழகுவது நம் உடம்பு இல்லை, கிருமிதான்.

"மாத்திரையே சாப்பிடாத குழந்தைக்கு எப்படி?" என்று கேட்கலாம். குழந்தைக்குக் கிருமி நம்மிடமிருந்துதான் போகிறது. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து போகலாம். தூக்குகிறவர்களின் கையிலிருந்து, மருத்துவமனைக் கட்டில், குழாய், கருவிகளிலிருந்தும் போகலாம். நாம் வளர்த்த கிருமியைக் குழந்தை வாங்கிக்கொள்கிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

* குழந்தையைத் தொடும் முன் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரரிடமும் தயங்காமல் சொல்லுங்கள்.
* பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். அதுதான் முதல் தடுப்பு மருந்து. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால் வேண்டாம்.
* தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்து தானாக விழட்டும்.
* வாயால் ஊதிச் சளி எடுப்பது வேண்டாம்.
* மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுங்கள். சாதாரண சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது.
* மாடு, கோழி வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மருந்து கொடுக்காதீர்கள். கடைசிக் கட்டத்தில் மனிதருக்குப் போடும் 'கொலிஸ்டின்' மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை போட்டது இதனால்தான்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வலிப்பு, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போவது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைப்பது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

"சீர் தட்டியிருக்கும், மந்திரிச்சுப் பார்ப்போம்", "விடியட்டும்" என்று தள்ளிப்போடும் பேச்சை நாங்கள் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த ஒரு இரவு போதும், நிலைமை கைமீற. 108-க்குப் போன் செய்யுங்கள். பச்சிளம் குழந்தைக்கான சிறப்புப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

அங்கே பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தால், "பச்சை மண்ணு, ரத்தம் எடுக்காதீங்க" என்று தடுக்காதீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று அதில்தான் தெரியும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் டாக்டர் ஊசியைத் தொடங்கிவிடுவார். ஆன்டிபயாட்டிக் என்றாலே பயந்து அதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். தேவையான நேரத்தில் அதுதான் உயிர் காக்கும். தேவையில்லாத நேரத்தில் நாம் தொடாமல் இருந்தால்தான் அந்த நேரத்தில் அது வேலை செய்யும்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் யார் வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை இருக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி அந்த வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி நேரம் குழந்தைக்கு முடியவில்லை என்றால் கூடப் போக இரண்டு பேரை இப்போதே முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். வழிச் செலவுக்கு அவசரக் கடன் கொடுக்கவும் சேர்த்தே தீர்மானம் போடுங்கள்.