மஞ்சளா, இளஞ்சிவப்பா?

சேலம், நாமக்கல் பக்கத்து மாணவர்களே, உங்களில் பலர் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில்தான் இருக்கும். கிணற்று நீரை அப்போது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் சில விடுதிப் பள்ளிகளில் இன்று நீச்சல் குளம் உண்டு. ஒரே நீரில் நாள்தோறும் பலர் இறங்குவதால், கிருமிகளைக் கொல்ல அதில் குளோரின் கலக்கிறார்கள். அது போதுமா என்று பார்க்கச் சிறிய சோதனைப் பெட்டிகள் விற்கின்றன.

ஒரே குளத்து நீரை இரண்டு பெட்டிகளில் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியின் கரைசலில் நீர் மஞ்சளாகி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்கிறது. இரண்டாவதன் மாத்திரையில் வெளிறிய இளஞ்சிவப்பாகி, அரை மில்லிகிராம் என்கிறது. எது பொய்?

இரண்டும் பொய்யல்ல. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து குளோரமின்களாகிறது. இந்த 'இணைந்த குளோரின்' கிருமிகளை மிக மெதுவாகவே கொல்லும். (கண் எரிச்சலுக்கும் 'குளோரின் நாற்றத்துக்கும்' பெரும்பாலும் இதுவே காரணம்!) மஞ்சள் தரும் ஆர்த்தோடோலிடின் இரண்டு வகைக் குளோரினையும் சேர்த்தே காட்டிவிடும், அதுவும் நம் ஊர் வெயிலில் சூடேறிய நீரில் விரைவாகவே. இளஞ்சிவப்பு தரும் டி.பி.டி. மாத்திரை முதலில் தனித்த குளோரினை மட்டும் காட்டும். பொட்டாசியம் அயோடைடு கலந்த இன்னொரு மாத்திரையையும் போட்டால் மொத்தமும் தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இணைந்த குளோரின். குளத்தில் தனித்த குளோரின் 1 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. ஆகவே மஞ்சளை மட்டும் நம்பியவர் கிருமியுள்ள நீரில் பிள்ளைகளை இறக்கிவிடக்கூடும். ஆர்த்தோடோலிடின் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயமும் இருப்பதால், கையில் படவிடக் கூடாது.

டி.பி.டி.யிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் 10 மில்லிகிராமைத் தாண்டினால், தோன்றிய நிறத்தை அதுவே வெளுத்துவிடும். நிறமில்லையே என்று இன்னும் மருந்து கொட்டுவது ஆபத்து! ஐயம் வந்தால், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் 9 பங்கில் குளத்து நீர் 1 பங்கு கலந்து மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது நிறம் வந்தால் அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

நிற அட்டையோடு ஒப்பிடும்போது என் கண்ணுக்கு ஒன்று, உங்கள் கண்ணுக்கு ஒன்று தெரியலாம். அந்தத் தொல்லையில்லாத முறையும் உண்டு. டி.பி.டி. பொடியால் இளஞ்சிவப்பான நீரில், நிறம் மறையும் வரை இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுவது அது. டி.பி.டி. முறையை பாலின் என்ற ஆங்கிலேய வேதியியலர் 1957இல் வெளியிட்டார். எனக்குப் பிடித்தது இந்தத் துளிக் கணக்குதான்.

நீரின் கடினத்தன்மையையும் இப்படியே அளக்கலாம். அங்கே சிவப்பு நீலமாகும் வரை எண்ண வேண்டும். சேலம் சுண்ணாம்புக் கரட்டில் மக்னீசியம் கார்பனேட் வெட்டியெடுக்கப்படுவதை அறிவீர்கள். அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரையும், மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி நீரையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். எதற்குத் துளி அதிகம் வேண்டும் என்று முன்பே ஊகித்து எழுதி வையுங்கள்.