அழாமலே வழியும் கண்ணீர்

வீட்டில் ஒரு துக்கமும் இல்லை. ஆனாலும் அம்மாவின் ஒரு கண்ணில் மட்டும் எந்நேரமும் நீர் வழிகிறது. சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றிக் கண்ணோரம் சிவந்து கன்றிப் போயிருக்கிறது. காலையில் எழுந்தால் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. “உடம்புச் சூடு, நல்லெண்ணெய் தேய்த்துக் குளி” என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. “தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டுப் பார்” என்கிறார் இன்னொருவர். கடையில் வாங்கிய சொட்டு மருந்தும் தீர்ந்து போகிறது. நீர் மட்டும் நிற்பதில்லை.

ஜொகூர் பாரு வட்டாரத்தில் பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்து ஓய்ந்த தாய்மார்களுக்கு இது புதிய செய்தியல்ல. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

கண்ணீர் போகும் வழி

கண்ணீர் அழும்போது மட்டும் சுரப்பதல்ல. கண் காய்ந்துவிடாதபடி நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடியில் உற்றுப் பாருங்கள். மூக்கை ஒட்டிய கண்ணோரத்தில், மேல் இமையிலும் கீழ் இமையிலும் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். கண்ணீர் அதன் வழியே சிறு குழாய்களில் இறங்கிக் கண்ணீர்ப்பையை அடைகிறது. அங்கிருந்து எலும்புக்குள் ஓடும் ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான்.

வடிகால் அடைபட்டால் வாசலில் தண்ணீர் தேங்கும் அல்லவா? கண்ணிலும் அதே கதைதான்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

இந்தக் குழாய் வெறும் ரப்பர்க் குழாய் போன்றதல்ல. அதன் உட்சவ்வில் வழவழப்பான சளியைச் சுரக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. சவ்வைச் சுற்றி மெல்லிய இரத்தக்குழாய்கள் வலைபோல் பின்னியிருக்கின்றன. இரத்தம் நிறைந்தால் அந்த வலை புடைக்கும், குறைந்தால் சுருங்கும். மூக்கின் உட்புறமும் இப்படித்தான். சளி பிடித்தால் மூக்கடைப்பதும் இந்த வீக்கத்தால்தான்.

மூக்கிலிருந்தோ கண்ணிலிருந்தோ வரும் அழற்சி இந்தக் குழாயில் நீடித்துத் தங்கிவிட்டால் மெல்லத் தொல்லை தொடங்குகிறது. முதலில் சவ்வு வீங்கி வழி குறுகுகிறது. வீக்கம் வடிந்து மீண்டும் வந்து, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, சளி சுரக்கும் உயிரணுக்கள் தட்டையான தோல் உயிரணுக்களாக மாறுகின்றன. வழவழப்பு போகிறது. மென்மையான திசு இருந்த இடத்தில் தழும்புத் திசு, நார் நாராக வளர்கிறது. கத்திக்காயம் ஆறிய இடத்தில் கை தடித்து இறுகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தழும்பு குழாய்க்குள் வந்தால் வழி முற்றாக மூடிக்கொள்ளும்.

அடைபட்ட குழாய்களிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அமெரிக்க மருத்துவர்கள் லின்பெர்க், மெக்கார்மிக் இருவரும் 1986-ல் இதை எழுதினார்கள். தொடக்க நிலையில் வீக்கமும் அழற்சியும், முற்றிய நிலையில் தழும்பும் இருப்பதை அவர்கள் காட்டினார்கள்.

நடுத்தர வயதைக் கடந்த பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. பெண்களுக்கு அந்த எலும்புப் பாதை பொதுவாகக் குறுகலாக இருப்பது ஒரு காரணம் என்பார்கள். மாதவிலக்கு நிற்கும் வயதில் உடலில் நேரும் மாற்றங்களும் சேரலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

குழந்தைக்கு வந்தால் வேறு

“என் பேரனுக்கும் இப்படித்தான் இருந்தது, தடவிவிட்டதும் சரியாகிவிட்டது” என்பவர்கள் உண்டு. உண்மைதான். கைக்குழந்தைக்குக் குழாயின் முனையில் மெல்லிய சவ்வு ஒன்று திறக்காமல் இருக்கும். டாக்டர் சொல்லித்தரும் முறையில் அழுத்தித் தடவிவந்தால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் அது தானே திறந்துகொள்ளும். பெரியவர்களுக்கு இருப்பது சவ்வு அல்ல, தழும்பு. தடவினால் கரையாது. கம்பி விட்டுக் குத்தித் திறந்தாலும் தழும்பு மறுபடி மூடிக்கொள்ளும்.

ஆபத்து எங்கே?

தேங்கிய நீரில் கிருமி வளரும். கண்ணோரத்தை அழுத்தினால் சீழ் எதிர்த்து வரும். சில நாளில் மூக்கோரம் சிவந்து வீங்கி, வலியும் காய்ச்சலும் வந்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. குலை வெட்டும்போது செம்பனைத் தூசியோ மட்டையின் நுனியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் சிறு கீறல் விழலாம். சாதாரணக் கண்ணில் அது ஆறிவிடக்கூடும். பக்கத்திலேயே சீழ்ப்பை இருந்தால், அந்தக் கிருமி கீறலில் புகுந்து புண்ணாக்கிப் பார்வையையே பறித்துவிடும்.

கண்புரை அறுவைக்கும் இது தடை. அடைபட்ட பையிலுள்ள கிருமி கண்ணுக்குள் போய்விடக் கூடும். அதனால்தான் தமிழ்நாட்டில் கண்புரை அறுவைக்கு முன் கண்ணீர்க் குழாயில் உப்புநீர் செலுத்திப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். வழி திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். அடைபட்டிருந்தால் நீர் கண்ணுக்கே திரும்பும். அவ்வளவு எளிய சோதனை!

புது வாய்க்கால்

பழைய குழாயைச் செப்பனிட முடியாது என்றால் என்ன செய்வது? கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவேயுள்ள மெல்லிய எலும்பில் திறப்பு ஏற்படுத்திப் புதுவழி அமைப்பது. இத்தாலி மருத்துவர் தோத்தி 1904-ல் இந்த அறுவையை வெளியிட்டார். இன்று மூக்கோரத்தில் சிறு கீறல் போட்டும் செய்கிறார்கள். வெளியே தழும்பே தெரியாதபடி மூக்கு வழியாகக் கருவி செலுத்தியும் செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

கண்ணீர்ப் பாதையை மட்டுமே ஆராயும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தின் டாக்டர் முகமது ஜாவேத் அலி அவர்களில் ஒருவர். 2019-ல் அவருக்கு இந்தியாவின் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியது

நீர் வழியும் கண்ணெல்லாம் அடைப்பு என்று நினைக்க வேண்டாம். கண் வறண்டாலும் எரிச்சலில் நீர் வழியும். இமை உள்ளே மடங்கி முடி குத்தினாலும் வழியும். எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். கண்ணீரில் இரத்தம் கலந்து வந்தாலோ, கண்ணோரத்தில் கெட்டியான கட்டி இருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

தாய்ப்பால், இலைச்சாறு, தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள். வீங்கிய இடத்தை நீங்களாகப் பிதுக்காதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அங்கே காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டால், ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். பெரிய ஆஸ்பத்திரி என்றதும் தயங்கும் அம்மாவைத் தனியே அனுப்பாதீர்கள். மகனோ மகளோ ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு உடன் செல்லுங்கள். நமக்காக விடியுமுன் பெரட்டுக்குப் போன அந்தக் கண்கள், துக்கமில்லாத நேரத்திலாவது நனையாமல் இருக்கட்டும்.